“பேக் விக்கிற பொடியன்” என்று சொல்வதற்கு முன்...



அன்பான கலகெதர உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வாசித்துவிட்டு ஏசினாலும் பரவாயில்லை, வாசிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

போன மாதம் நாம் படிப்பித்த மாணவர் ஒருவர் லீவில் ஊருக்கு வந்திருந்தார். துபாயில் பெரிய மோல் ஒன்றில், ஐரோப்பிய நிறுவனமொன்றின் கைப்பைகள், சப்பாத்துகள், உடுப்புகள் விற்கும் கடையில் வேலை செய்கிறார். ஒன்பது வருடமாகிறது. இப்போது ‘சீனியர் சேல்ஸ் அட்வைசர்’ பதவி. அந்த லீவில் அவருக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வீட்டார் வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பேச்சு நல்லபடியாகத்தான் போனது.

“மாப்பிள எங்க வேல?”

“துபாய்ல.”

“என்ன வேல?”

அவருடைய உம்மாவுக்கு அந்தப் பதவியின் பெயர் வாயில் வரவில்லை. “பெரிய பிராண்ட் கடையொண்டுல ஈக்கிறாரு” என்றார்.

“ஓ... கடேல பேக் விக்கிறாரா?”

இரண்டு நாளில் தரகர் மூலம் செய்தி வந்தது. பெண் பட்டதாரி, கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறதாம்.

இதை நம்மிடம் சொன்னபோது அந்த மாணவர் சிரித்தார். பிறகு சொன்னார்: “சேர், எனக்கு அது பெரிய கவலயில்ல. உம்மா அண்டைக்கி ராவு சாப்பிடல்ல. அதுதான் ஒரு மாதிரி ஈக்கி.”

அதே கிழமை, தரம் 11 மாணவர் ஒருவரின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். “சேர், புள்ளக்கி படிப்பு ஏறுதில்ல. ஓ.எல். எழுதி என்னத்துக்கு? கண்டியில கடையொண்டுல சேத்து உடப் போறன். பொறகு துபாய்க்கு அனுப்பிப் போடலாம்” என்றார்.

ஒரே கிழமையில் ஒரே வேலையைப் பற்றி நமது ஊர் சொன்ன இரண்டு தீர்ப்புகள் இவை. மருமகனாக வருபவர் கடையில் நின்றால் அது குறைச்சல். படிப்பு ஏறாத மகன் கடையில் நின்றால் அது வழி. இரண்டும் ஒரே தப்பான நினைப்பிலிருந்துதான் வருகின்றன. கடையில் நிற்பதற்கு ஒன்றும் தெரியத் தேவையில்லை, கையும் காலும் இருந்தால் போதும் என்ற நினைப்பு அது. இதைப் பற்றி ஆசிரியர் அறையில் நாம் பல நாள் பேசினோம். பேசியதை ஊருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்த மாணவர் வகுப்புக்கு வந்த நாள்

அதிபரிடம் அனுமதி எடுத்து, அந்த மாணவரைத் தரம் 11 பிள்ளைகளோடு பேச அழைத்தோம். ஒரு பாடவேளை கேட்டோம், இரண்டு பாடவேளை போய்விட்டது. வழமையாகக் கடைசி வாங்கில் தூங்கும் பிள்ளைகளும் அன்று தூங்கவில்லை.

முதலில் ஒரு கணக்குக் கொடுத்தார். “துபாயில் 2018 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு 5 சதவீத வரி இருக்கிறது. ஒரு பையின் விலை வரியோடு 8,400 திர்ஹம். வரி இல்லாமல் எவ்வளவு? வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.”

பிள்ளைகள் ஒரே குரலில் “7,980” என்றார்கள். 8,400இல் 5 சதவீதத்தைக் கழித்திருக்கிறார்கள். சரியான விடை 8,000. எட்டாயிரத்துக்கு 5 சதவீதம் 400, கூட்டினால் 8,400. “இதைப் பிழையாகச் சொன்னால் அந்த மனிசர் நம்மைக் கள்ளன் என்று நினைப்பார், அல்லது படிக்காதவன் என்று நினைப்பார். இரண்டில் எதை நினைத்தாலும் திரும்பி வர மாட்டார்” என்றார். சதவீதப் பாடத்தை நாம் எத்தனை தரம் படிப்பித்திருப்போம்! அன்று அந்த ஒரு கேள்வியில் ஏறியது.

பிறகு பொருளைப் பற்றிப் பேசினார். கன்றுத் தோல் எப்படி இருக்கும், ஆட்டுக்குட்டித் தோல் ஏன் அதைவிட மிருதுவானது, ஏன் அதில் சீக்கிரம் கீறல் விழும். கஷ்மீர் கம்பளி எந்த ஆட்டின் உட்பக்க மயிரிலிருந்து வருகிறது, அதைக் கழுவும்போது என்ன செய்யக் கூடாது. இதையெல்லாம் நிறுவனம் படிப்பித்துப் பரீட்சையும் வைக்கிறது. கடை திறக்க முன்னர் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டம் நடக்கும். நேற்று எவ்வளவு விற்றது, கடைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை பொருள் எடுத்தார் என்று எல்லாம் எண்ணில் இருக்கும். மாதத்துக்கு டார்கெட் உண்டு. டார்கெட் அடித்தால் கொமிஷன். சாதாரண வாடிக்கையாளர் போல நிறுவனமே ஆளை அனுப்பிச் சோதிக்கும், யார் அந்த ஆள் என்று தெரியாது.

‘சீனியர்’ என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். புதிதாக வந்தவர் வாசலுக்கு வருபவரைக் கவனிப்பார். சீனியரிடம் ஆட்கள் பெயர் சொல்லித் தேடி வருவார்கள். தன்னுடைய வாடிக்கையாளர் யார், அவருக்கு எந்த நிறம் பிடிக்காது, சப்பாத்து அளவு என்ன, மகளின் கல்யாணம் எந்த மாதம், போன தடவை வாங்கிய பையின் பூட்டுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்குப் படிப்பிப்பதும், கோபத்தோடு வருபவரைச் சமாளிப்பதும் சீனியரின் வேலைதான்.

ஒரு கேள்வி நமக்கு மறக்க முடியாதது. “ஒரு பெண்மணி ஒரு பையைப் பார்த்துவிட்டு, இதைவிட விலை குறைஞ்சது ஈக்கா என்று மெதுவாகக் கேட்கிறார். என்ன செய்வீங்க?” பிள்ளைகள், “வேற பேக் காட்டுவோம்” என்றார்கள். அவர் சொன்னார்: “காட்டத்தான் வேணும். ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தக் கேள்வி கேட்டிருக்கக் கூடாது. நம்ம குரல் உயரக் கூடாது. மற்றப் பையை எடுத்துவரும்போது, இது உங்களுக்கு இன்னும் பொருத்தமாக ஈக்கும் என்று அதன் நல்லதைச் சொல்லித்தான் கொண்டுவரணும். அவர் வாங்காமல் போனாலும் வெட்கப்பட்டுப் போகக் கூடாது.”

இதற்கு நமது மார்க்கத்தில் பெயர் இருக்கிறது. அதப் என்போம். மத்ரஸாவில் படிப்பிக்கிறோம், கடையில் தேடுவதில்லை.

நமது பாட்டன்மார் யார்?

வெளிநாட்டுக் கடை, வெள்ளைக்காரன் பிராண்ட் என்று நாம் வாயைப் பிளக்கும் நிறுவனங்கள் எங்கே தொடங்கின என்று பாருங்கள். ஹெர்மஸ் 1837இல் பரிஸில் குதிரைக்குச் சேணமும் வாரும் தைத்துத் தொடங்கியது. லூயி விற்றோன் 1854இல் பயணப் பெட்டி செய்யும் கடையாகத் தொடங்கியது. குச்சி 1921இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தோல் சாமான் கடையாகத் தொடங்கியது. சேணம் தைத்ததையும் பெட்டி அடித்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. அதைத்தான் பெருமையாகச் சொல்லி, இன்றைக்கும் விலையைக் கூட்டுகிறார்கள்.

நமது கதை என்ன? இந்த ஊரில் ‘மடிகே’ என்ற பெயரை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறோம்! கண்டி இராச்சியத்தில் மடிகே பத்த என்று ஒரு பகுதி இருந்தது. எருதுகளின் முதுகில் பொதி ஏற்றி, தவளம் தவளமாக மலைநாட்டுக்கும் கரையோரத்துக்கும் இடையில் சாமான் கொண்டுபோய் வந்த பகுதி அது. மேலிருந்து பாக்கும் மிளகும் போகும், கீழிருந்து உப்பும் கருவாடும் புடவையும் வரும். அதில் முஸ்லிம்கள் பெரும் பங்கு வகித்தார்கள். கலாநிதி லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, மலைநாட்டுக்குப் புடவையைக் கொண்டுவந்தவர்களில் நமது முன்னோரும் இருந்தார்கள். கண்டி மன்னர்கள் அவர்களை நம்பினார்கள். காரணம், அவர்களுக்குப் பாதை தெரியும், பல பாஷை தெரியும், கொடுத்த சாமானைக் குறையாமல் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

பாதை, பாஷை, நாணயம். இன்றைக்கு துபாய்க் கடையில் நிற்கும் நமது மாணவரிடம் கேட்பதும் இந்த மூன்றையும்தான். நபியவர்கள் (ஸல்) இளம் வயதில் கதீஜா நாயகியின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுபோய் விற்று வந்ததைச் சீறா வகுப்பில் பெருமையாகச் சொல்கிறோம். பிறகு அதே வாயால் “பேக் விக்கிற பொடியன்” என்கிறோம்.

ஆனால் படத்தில் தெரியாத பக்கமும் இருக்கிறது

இனி மற்றப் பக்கம். தரம் 11 பிள்ளையின் வாப்பாவைப் போன்றவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

அந்த மாணவரின் பேஸ்புக்கில் கோட் சூட் போட்ட படம், பின்னால் பளிங்குத் தரை, கண்ணாடி விளக்கு. அந்த கோட் சூட் நிறுவனம் கொடுத்த சீருடை. வேலை முடிந்து அவர் திரும்பிப் போனது முதல் நான்கு வருடமும் டேராவில் ஆறு பேர் படுக்கும் ஓர் அறைக்கு. ‘பெட் ஸ்பேஸ்’ என்பார்கள், அதாவது ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு. மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா என்பதற்கும் விலை வித்தியாசம். கடையில் ஒரு நாளைக்கு அவர் கையில் எடுத்துக் காட்டும் ஒரு பையின் விலை அவருடைய இரண்டு மாதச் சம்பளம். றமழானில் மோல்கள் நடுநிசி தாண்டியும் திறந்திருக்கும். பெருநாளுக்கு முந்திய பத்து நாளும்தான் வியாபாரம் உச்சம், ஊரே இபாதத்தில் இருக்கும் அந்த நாட்களில் அவர் காலில் நிற்பார். ஒன்பது வருடத்தில் இரண்டு பெருநாள்தான் உம்மாவோடு.

முதல் ஏழு வருடமும் அவர் எப்படி மேலே வந்தார் என்பதும் முக்கியம். அவர் ஓ.எல். எழுதினார். உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்தார். கண்டியில் ஒரு புடவைக் கடையில் இரண்டு வருடம் நின்றார், நின்றுகொண்டே சனி ஞாயிறில் ஆங்கில வகுப்புக்குப் போனார். துபாய்க்குப் போன பிறகு அரபு பேசப் பழகினார். ரஷ்ய மொழியில் விலையும் நிறமும் சொல்லும் அளவுக்குக் கற்றார். அவரோடு அதே காலத்தில் போன இன்னொருவர், ஓ.எல். எழுதாமல் போனவர், இன்றைக்கும் ஸ்டோரில் பெட்டி தூக்குகிறார். அதுவும் ஹலாலான உழைப்புத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் நான்கு வசனம் எழுத முடிந்திருந்தால் அவரும் முன்னுக்கு வந்திருப்பார் என்று நமது மாணவரே சொன்னார்.

ஆகவே வாப்பாமாரே, படிப்பு ஏறாத பிள்ளைக்குக் கடை ஒரு வழி என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் மேலே போவதற்குக் கணக்கும் பாஷையும் வேண்டும். அது இல்லாமல் போனால் முதல் நாள் எங்கே நின்றாரோ பத்தாவது வருடமும் அங்கேயே நிற்பார்.

சட்டமும் சொல்லிவிடுகிறோம். நமது நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021இலிருந்து 16. பதினைந்து வயதுப் பிள்ளையை “சும்மா பழகட்டும்” என்று கடையில் விடுவது பெற்றோருக்கும் முதலாளிக்கும் சரியில்லாத வேலை.

உள்ளூரில் கேட்க வேண்டியவை

கண்டியிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு புடவைக் கடையில் சேர்க்கும் முன் என்ன கேட்கிறோம்? “சாப்பாடு தருவாங்களா, எத்தன மணிக்கி உடுவாங்க?” அதோடு முடிந்தது. பெரும்பாலும் முதலாளி நமக்குத் தெரிந்தவர், சொந்தக்காரர், பள்ளிவாசலில் பக்கத்து ஸப்பில் நிற்பவர். கடிதம் கேட்க வெட்கம்.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. சாப்பாட்டு நேரம் போக ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு மேலதிகக் கொடுப்பனவு. வேலையில் சேரும்போது சம்பளமும் நிபந்தனைகளும் எழுத்தில் தரப்பட வேண்டும். தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் கட்ட வேண்டும். இது தர்மம் அல்ல, உழைத்தவரின் சொத்து.

நமது ஊர்ப் பிள்ளைகள் சிலர் எட்டு, பத்து வருடம் நின்றுவிட்டுக் கையில் ஒரு சேமலாபப் புத்தகமும் இல்லாமல் வெளியே வந்திருக்கிறார்கள். “குடும்பம் மாதிரிப் பார்த்தோமே” என்பது பதில். குடும்பம் மாதிரிப் பார்த்தால் இன்னும் கவனமாகக் கட்டியிருக்க வேண்டாமா? இதை எழுதுவதால் சில முதலாளிமார் நம்மோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று தெரியும். ஒழுங்காகக் கட்டும் முதலாளிமாரும் நமது ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பந்தி வலிக்காது.

நிற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புடவைக் கடை ஊழியர் நாள் முழுக்க உட்காரக் கூடாது என்பது எழுதாத சட்டம். வாடிக்கையாளர் இல்லாத நேரமும் நிற்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இதே நிலைமைதான் இருந்தது. சென்னை தியாகராய நகர்க் கடை ஊழியர்களின் வாழ்க்கையை வைத்து 2010இல் ‘அங்காடித் தெரு’ என்ற படமே வந்தது. கேரளம் 2018இல் ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தியது, தமிழ்நாடு 2021இல் திருத்தியது. ஒரு நாற்காலி வைக்கச் சட்டம் தேவைப்பட்டது என்பதே வெட்கம். நமது முதலாளிமார் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக்கே இரண்டு ஸ்டூல் வாங்கிப் போடலாம்.

நமது பெண் பிள்ளைகளின் கதை இதைவிடப் பேசப்படாதது. அபாயா வாங்கப் போகும் நமது பெண்கள், அளவு பார்க்கவும் எடுத்துக் காட்டவும் ஒரு பெண் இருக்க வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். அந்த வேலைக்கு வரும் பிள்ளையை மட்டும் “கடைக்குப் போற புள்ள” என்று சொல்லிப் பேச்சு வார்த்தையில் ஒதுக்குகிறோம். அவள் இரவு எத்தனை மணிக்கு விடப்படுகிறாள், பஸ்ஸில் வீட்டுக்கு எப்படி வருகிறாள், லுஹர் தொழ இடம் இருக்கிறதா என்று நாம் யாரும் கேட்டதில்லை. நமக்குத் தேவையான சேவையைச் செய்பவரை நாமே குறைத்துப் பார்ப்பது எந்த நியாயம்?

வெளிநாட்டுக்குப் போவதென்றால்

2022இல் நாடு விழுந்தபோது ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். நமது ஊரிலும் வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் போனார்கள். போகட்டும். ஆனால் இவற்றைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

விசிட் வீசாவில் போய் வேலை தேடலாம் என்று யாராவது சொன்னால், விசிட் வீசாவில் வேலை செய்வது அங்கே குற்றம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டினால் அபராதமும் திருப்பி அனுப்புதலும் பிள்ளைக்குத்தான், ஏஜண்டுக்கு அல்ல. வேலை ஒப்பந்தம் கையில் வந்த பிறகு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போக வேண்டும்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தொழில் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் அறவிடக் கூடாது. கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்திருக்கவும் கூடாது. தகுதிகாண் காலம் 6 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. வேலையை விட்டு வரும்போது பணிக்கொடை உண்டு. முதல் 5 வருடத்துக்கு வருடமொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு வருடமொன்றுக்கு 30 நாள் சம்பளம். ஐந்து வருடம் நின்றவருக்கு 105 நாள் சம்பளம் வர வேண்டும். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், கொமிஷனோ வீட்டுப்படியோ சேராது. எனவே ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ முன், அதில் அடிப்படை எவ்வளவு என்று பாருங்கள்.

மார்க்கம் பற்றிய ஒரு கேள்வி

வகுப்பு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது எங்கள் மௌலவி ஒருவர் அந்த மாணவரிடம் நேராகக் கேட்டார். “தம்பி, ஒரு பேக்குட விலையில ஒரு ஏழைக்கி வீட்டுக் கூரை போடலாம். இஸ்ராபுக்கு நீங்க உதவி செய்றீங்க இல்லையா?”

நல்ல கேள்வி. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “மௌலவி, அது எனக்கும் மனசுல ஈக்கி. வாங்குற சல்லி அவங்கட. நான் பொய் சொல்லி வித்தா அது என்ட பாவம். அதுல கவனமா ஈக்கிறன்.” ஒரு சம்பவமும் சொன்னார். வெளிர் நிறத் தோல் பை ஒன்றை ஒரு பெண் எடுத்தார். அவர் ஜீன்ஸ் போட்டிருந்தார். நீலச் சாயம் அந்தத் தோலில் ஏறும், ஏறினால் போகாது. நமது மாணவர் அதைச் சொல்லிவிட்டார். அவர் வாங்காமல் போனார். அந்த மாதம் டார்கெட் தவறியது, மெனேஜரிடம் பேச்சும் கேட்டார். அந்தப் பெண் பிறகு வந்தாரா என்று நாம் கேட்டோம். “இல்ல சேர், வரல்ல” என்றார்.

நபியவர்கள் (ஸல்) சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். குறையைச் சொல்லி விற்பது என்றால் சில நேரம் விற்காமல் போவதுதான். திரும்பி வருவார்கள் என்ற உத்தரவாதம் இல்லாமல் செய்வதுதான் அமானிதம்.

அந்தக் கூரைக் கேள்வி அத்தோடு தீர்ந்துவிடவில்லை. இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள். தீராமல் இருப்பதும் நல்லதுதான், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்வி.

இதைக் கேட்டுவிட்டு நமது கடைகளைப் பார்ப்போம். ‘பர்ஸ்ட் கொபி’ என்ற பெயரில் பிராண்ட் முத்திரை அடித்த போலிப் பைகளும் கடிகாரங்களும் விற்கிறோமா இல்லையா? 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம். வாங்குபவருக்கும் தெரியும் என்று சமாதானம் சொல்கிறோம். வாங்குபவர் அதைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் மற்றவரை ஏமாற்றுகிறார், நாம் அதற்கு இலாபம் எடுக்கிறோம். துபாயில் உண்மையான பையை உண்மையாக விற்பவர் நமக்குக் குறைச்சல், ஊரில் பொய்யான பையை விற்பவர் முதலாளி, பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இடம்.

கடை என்பது வெறும் கடையல்ல

2013 மார்ச் மாதம் பெப்பிலியானையில் பெஷன் பக் களஞ்சியம் தாக்கப்பட்டதும், 2014 ஜூனில் பாணந்துறையில் நோலிமிட் கிளை எரிந்ததும், 2018 மார்ச்சில் திகனையிலிருந்து அக்குறணை வரை நடந்ததும் நமக்கு மறக்காது. அந்தக் கடைகளில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் வேலை செய்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எரிந்த கடையின் சம்பளம் எல்லா வீட்டிலும் நின்றது.

சிங்களத்தில் சரளமாக, மரியாதையாகப் பேசத் தெரிந்த ஒரு விற்பனையாளர் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேரிடம் பேசுகிறார். கல்யாணத்துக்கு ஒசரி எடுக்க வரும் சிங்களத் தாயிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் அந்தத் தாய்க்கு முஸ்லிம்களைப் பற்றித் தெரியும் செய்தி. மேடையில் நாம் நடத்தும் நல்லிணக்கக் கூட்டத்தைவிட அந்தக் கவுண்டர் பெரியது. இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தை ‘சும்மா பாடம்’ என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

நாம் கேட்பது

பெற்றோரிடம்: ஓ.எல். எழுதாமல் எந்தப் பிள்ளையையும் கடைக்கு அனுப்ப வேண்டாம். முடிந்தால் உயர்தரமும். பிறகு கடைதான் என்றால் மனம் கோணாமல் அனுப்புங்கள், ஒரு தொழிலுக்கு அனுப்புகிறோம் என்று நினைத்து அனுப்புங்கள்.

முதலாளிமாரிடம்: நியமனக் கடிதம், சேமலாப நிதி, ஒரு நாற்காலி.

மாப்பிள்ளை பார்ப்பவர்களிடம்: என்ன வேலை என்று கேட்டால் போதாது. அந்த வேலையில் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். தொழுகிறாரா, கடன் இருக்கிறதா, உம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புகிறாரா, பொய் சொல்லி விற்றிருக்கிறாரா என்று விசாரியுங்கள். பட்டம் நல்லது, நாமும் பட்டதாரிகள்தான். பட்டம் மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று நமது மாதச் சம்பளச் சீட்டு சொல்கிறது.

எங்களிடம், அதாவது ஆசிரியர்களிடம்: வரும் தவணையிலிருந்து சனிக்கிழமைகளில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சும் சிங்களப் பேச்சும் கடைக் கணக்கும் சேர்த்து ஒரு வகுப்பு தொடங்க நாலைந்து ஆசிரியர்கள் உடன்பட்டிருக்கிறோம். கட்டணம் இல்லை. லீவில் ஊருக்கு வரும் நமது பிள்ளைகள், துபாயோ கட்டாரோ கொழும்போ எங்கே வேலை செய்தாலும், ஒரு மணித்தியாலம் வந்து பேச வேண்டும். படம் காட்ட வேண்டாம். பெட் ஸ்பேஸையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தத் தரம் 11 பிள்ளை இன்னும் பாடசாலைக்கு வருகிறான். ஓ.எல். வரை விடுகிறேன் என்று வாப்பா அரை மனதோடு சொல்லியிருக்கிறார். போன தவணை ஆங்கிலத்தில் 19 எடுத்தவன் மாதிரிப் பரீட்சையில் 34 எடுத்திருக்கிறான். இது சித்தியில்லை என்று அவனுக்கும் தெரியும். தாளை வாங்கும்போது, “சேர், அந்த எட்டாயிரத்து நானூறு கணக்கு மாதிரி இன்னொண்டு தாங்க” என்றான். தந்தோம்.

நமது பழைய மாணவர் லீவு முடிந்து போய்விட்டார். கல்யாணம் இன்னும் சரிவரவில்லை. போகும்போது உம்மாவுக்கு அந்தப் பதவியின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த தடவை யாராவது வந்து கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டுமாம். அந்தப் பெயரைச் சொல்லிப் பழக வேண்டியது அந்த உம்மா மட்டும்தானா என்று யோசியுங்கள்.

உங்கள் அபிப்பிராயத்தைக் கீழே எழுதுங்கள். கடையில் நின்றவர்கள், நிற்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள். கடைகளின் பெயரையோ ஆட்களின் பெயரையோ போட வேண்டாம். சனிக்கிழமை வகுப்புக்கு உதவ விரும்புபவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.